அறுபதில் வரும் உதறல்

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகிற சாலையில் இருக்கிறது கே.ஜி.கண்டிகை. இந்தப் பக்கத்தில் யாராவது இன்னும் ஒரு பழைய அம்பாசடரை ஆசையாய் ஓட்டிக்கொண்டிருந்தால், அவரிடம் ஒரு புகார் இருக்க வாய்ப்புண்டு: “ஐம்பது வரைக்கும் தேவலை. அறுபதைத் தொட்டா வண்டி உதறுது.” வீல் பேலன்சிங் பார்த்தாயிற்று, டயர் மாற்றியாயிற்று. உதறல் மட்டும் போகவில்லை. அடுத்த சந்தேகம் வண்டிக்கு அடியில் ஓடும் நீளக் குழாயான புரொப்பல்லர் ஷாஃப்ட் மீது விழுகிறது.

1983 கடைசியில் வந்த மாருதி 800 முதல் நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் என்ஜினும் இழுக்கும் சக்கரங்களும் முன்னாலேயே இருக்கின்றன. 1957 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசடரில் அப்படியில்லை. என்ஜினும் கியர் பாக்ஸும் முன்னால், தள்ளும் சக்கரங்கள் பின்னால். முன்னது ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பின் அச்சை மூடிய ஹவுசிங்கோ வில் பட்டைகளின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் சுற்றவும் வேண்டும், வளைந்து கொடுக்கவும் வேண்டும். அதற்காக இரு முனையிலும் மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்று சொல்லும் சிலுவை வடிவ இணைப்பு இருக்கிறது. அதன் நான்கு கைகளும் ஊசி போன்ற சிறு உருளைகள் அடுக்கிய கிண்ணங்களுக்குள் அசைகின்றன.

உதறலுக்குக் காரணம் தேட ஸ்பேனரை எடுக்குமுன் கொஞ்சம் கணக்குப் போடலாம். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 8 முறைக்குச் சற்று மேல் சுற்றும். சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் நாலரைச் சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால், ஷாஃப்டின் கணக்கு விநாடிக்கு 37 சுற்று. ஆக, டயர் கோளாறு என்றால் எண்ணிவிடலாம் போன்ற மெதுவான ஆட்டமாக வரும். ஷாஃப்ட் கோளாறு என்றால் பாதத்திலும் இருக்கையிலும் ‘ர்ர்ர்’ என்ற ரீங்காரமாக வரும். ஸ்டீயரிங் மட்டும் ஆடினால் முன் சக்கரத்தை முதலில் பாருங்கள்.

அடுத்தது என்ஜினை விலக்குவது. டாப் கியரில் என்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் எது உதறுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதே வேகத்தில் மூன்றாம் கியருக்கு வந்தால் என்ஜின் வேகம் கூடும், ஷாஃப்டின் வேகம் மாறாது. உதறலின் தாளமும் மாறவில்லை என்றால் என்ஜின் குற்றமற்றது. திருப்பதி நெடுஞ்சாலையில் ஆள் நடமாட்டமில்லாத சமமான பகுதியில், என்ஜினை அணைக்காமல் சில விநாடி நியூட்ரலில் உருளவிட்டும் இதை உறுதி செய்யலாம். திருத்தணி மலைக்கோயில் இறக்கத்தில் மட்டும் இந்தச் சோதனை கூடவே கூடாது.

ஆனால் மலைப்பாதையின் ஏற்றம் வேறொன்றைக் காட்டித் தரும். மெதுவாக, பாரத்தோடு ஏறும்போது மட்டும் அதிர்ந்தால், அது பெரும்பாலும் கோணக் கோளாறு. ஏற்றமானாலும் சமதளமானாலும் குறிப்பிட்ட வேகத்தில் தவறாமல் வந்தால் எடைக் கோளாறு. கிளட்சை விடும்போது ‘டக்’ என்று ஒரு அடி விழுந்தால் கிராஸ் தேய்ந்திருக்கலாம்.

எடைக் கோளாறு என்பது ஷாஃப்டின் ஒரு பக்கம் சற்றுக் கனமாக இருப்பது. ஒரு நசுங்கல், ஒட்டிக் காய்ந்த தார், பற்றவைத்திருந்த சிறு எடைத்தகடு உதிர்ந்துபோனது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மூன்று அங்குலக் குழாயின் ஓரத்தில் 20 கிராம் கூடுதலாக இருந்தால், 60 கி.மீ. வேகத்தில் அது சுமார் 4 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். இந்த விசை வேகத்தின் வர்க்கத்தில் வளர்வதால், 80ல் அது 7 கிலோவைத் தாண்டிவிடும். ஐம்பதில் சாதுவாக இருந்த வண்டி அறுபதுக்கு மேல் மிரளுவது இதனால்தான்.

கோணக் கோளாறு இன்னும் நுட்பமானது. கிராஸ் வளைந்த நிலையில் சுற்றும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். 3 டிகிரி வளைவில் இந்த வேறுபாடு சராசரிக்கு மேலும் கீழும் 0.14 சதவீதம்தான். 10 டிகிரியில் அது 1.5 சதவீதம். முன் கிராஸ் உண்டாக்கும் இந்தத் தடுமாற்றத்தைப் பின் கிராஸ் அப்படியே நேர் செய்துவிடும். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: இரு முனையின் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும், கிராஸைப் பிடிக்கும் ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஜீப், லாரி போல ஷாஃப்டிலேயே பல் வைத்த வழுக்கு இணைப்பு உள்ள வண்டிகளில், கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளிவிட்டாலே இரண்டாவது நிபந்தனை உடைந்துவிடும்.

பிடிபடாத உதறல்கள் பல இங்கேதான் ஒளிந்திருக்கின்றன. ஷாஃப்ட் நன்றாக இருக்கும், கிராஸ் புதிதாக இருக்கும். ஆனால் கியர் பாக்ஸ் மவுண்டிங் அமுங்கி முன் கோணம் மாறியிருக்கும். அல்லது கூடுதல் பாரத்துக்காக யாரோ ஒரு பட்டை சேர்த்ததில் ஹவுசிங்கின் மூக்கு திரும்பியிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பாகத்திலும் குறை இருக்காது. அவை ஒன்றுக்கொன்று நிற்கும் நிலையில்தான் குறை. பாகங்களை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும்.

கோணத்தை அளக்க இன்று கைபேசியிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியே போதும். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும். நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஹவுசிங் தொங்கி, அளக்க வந்த கோணமே மாறிவிடும். சர்வீஸ் பள்ளமோ ராம்ப்போ உள்ள பட்டறையில், என்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே அடியில் போகவேண்டும்.

ஷாஃப்டைக் கழற்றுமுன் அதன் முனைத் தட்டான பிளாஞ்சிலும் அதன் ஜோடியிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்து, அதே கோட்டில் திரும்ப மாட்டுங்கள். கிராஸை ஒவ்வொரு திசையிலும் மடக்கிப் பார்த்தால் எங்கும் சிக்காமல், தொளதொளக்காமல் அசைய வேண்டும். கிண்ண ஓரத்தில் செந்துருப் பொடி தெரிந்தால் கிரீஸ் வற்றி உருளைகள் தின்னப்பட்டுவிட்டன. லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் குழாய் வளைந்திருப்பதும் தெரிந்துவிடும்.

எடைதான் காரணம் என்றால் பழைய பட்டறை முறை ஒன்று உண்டு. ஷாஃப்டின் பின்முனையில் ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கி, அதன் திருகுத் தலையைக் கால் சுற்றாக நகர்த்தி நகர்த்தி ஓட்டிப் பார்ப்பது. உதறல் எங்கே குறைகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கனம் கூடுதல். ஒரு கிளிப் போதாவிட்டால் இன்னொன்றைச் சேர்த்து, இரண்டு தலைகளையும் சற்று விலக்கி எடையைக் கூட்டிக் குறைக்கலாம். நிரந்தரத் தீர்வுக்கு ஷாஃப்ட் பேலன்சிங் செய்யும் இடத்துக்குத்தான் போகவேண்டும்.

இத்தனைக்கும் ஒரே விதிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. இரண்டைச் சேர்த்து மாற்றி உதறல் நின்றாலும், எதனால் நின்றது என்று தெரியாது. அது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.