காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலை எண்ணுமுன் செய்யவேண்டியவை

2009 மே மாதத்தில், போரின் இறுதி நாட்களில் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் தொகையை, பற்றிக் போலும் பிரான்சிஸ் ஹரிசனும் 2018 இல் பல பட்டியல்களை ஒப்பிட்டு மதிப்பிட்டார்கள். ஒரே பெயர் இரு பட்டியல்களில் இருக்கும். எழுத்து மாறியும் இருக்கும். எக்செல்லில் கையால் அழித்தால் எதை, ஏன் நீக்கினோம் என்பதற்குத் தடயம் இராது. எண்ணிக்கையை மறுப்பவர்களுக்கு அதுவே போதும்.

'ஆர்' என்ற இலவசப் புள்ளிவிபர மொழியில், ஒவ்வொரு நீக்கத்தையும் ஒரு வரியாக எழுதலாம். மூலப் பட்டியல் அப்படியே இருக்கும். அவ்வரிகளை எழுதும் செயலியான ஆர் ஸ்டூடியோவை இப்படி ஒழுங்குபடுத்துங்கள்.

முதலில், பாமினியில் தட்டச்சுச் செய்த பெயர்களை யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். இல்லையேல் கணினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகளே.

இரண்டாவது, எக்செல் கோப்பை 'சி.எஸ்.வி. யூ.டி.எப்-8' வகையில் சேமியுங்கள். சாதாரண சி.எஸ்.வி.யில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். ஆர் ஸ்டூடியோவிலும் டூல்ஸ், குளோபல் ஒப்ஷன்ஸ், கோட், சேவிங் என்று சென்று யூ.டி.எப்-8 ஐத் தெரிவுசெய்யுங்கள்.

மூன்றாவது, அதே குளோபல் ஒப்ஷன்ஸின் ஜெனரல் பகுதியில், முன்னைய தரவுகளைத் தானாக மீளக் கொண்டுவரும் தெரிவை நீக்குங்கள். அப்போதுதான் விடை நீங்கள் எழுதிய வரிகளிலிருந்து மட்டும் வரும்.

மூலப் பட்டியலையும் வரிகளையும் சேர்த்தே பாதுகாத்து வையுங்கள். வேறொருவர் அவற்றை இயக்கினாலும் அதே எண் வரவேண்டும்.