விதானையார் முதல் ஜனாதிபதி வரை

குடியியற் கல்வி கற்கும் பிள்ளையிடம் "நிறைவேற்றுத்துறை என்றால் என்ன?" என்று கேட்டால், "சட்டங்களை நடைமுறைப்படுத்தும் துறை" என உடனே விடை வரும். புள்ளியும் கிடைக்கும். ஆனால் "உங்கள் ஊர் விதானையார் எந்தத் துறையைச் சேர்ந்தவர்?" என்று கேட்டுப் பாருங்கள், பல பிள்ளைகள் விழிப்பார்கள். நிறைவேற்றுத்துறை என்பது கொழும்பில் எங்கோ இருக்கும் ஒன்று, அது நல்லது செய்தால் அதிர்ஷ்டம், கெட்டது செய்தால் விதி என்ற எண்ணம் எமது கிராமங்களில் ஊறிப்போயுள்ளது. இப்பாடத்தை நாம் கற்பிக்கும் முறையும் அதற்கு ஒரு காரணம்.

ஆகவே கீழிருந்து தொடங்குவோம். வதிவிடச் சான்றிதழ் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் விதானையாரின், அதாவது கிராம அலுவலரின் ஒப்பம் இருக்கும். மேலொப்பம் இட்டவர் பிரதேச செயலாளர். யாழ். மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் 15 பிரதேச செயலகங்களும் உள்ளன. அவற்றுக்கு மேல் கச்சேரியில் அரசாங்க அதிபர். அதற்கு மேல் அமைச்சு, அமைச்சரவை. அமைச்சரவையின் தலைவர் ஜனாதிபதி. மாகாணத்தின் வழியாக வரும் இன்னொரு சங்கிலியும் உண்டு. அதன் தலையில் நிற்கும் ஆளுநரை நியமிப்பவரும் ஜனாதிபதியே. 2013 இல் நாம் தெரிவுசெய்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர், ஆண்டுக்கணக்கில் ஆளுநரே மாகாணத்தை நடத்தினார் என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டலாம்.

இந்த அதிகாரம் எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. 1972 இன் அரசியலமைப்பின் கீழ் வில்லியம் கோபல்லாவ ஜனாதிபதியாக இருந்தபோது அது பெரும்பாலும் சடங்கு சார்ந்த பதவி. ஆட்சி பிரதமரிடமே இருந்தது. 1978 இல் ஜே. ஆர். ஜயவர்த்தன நிறைவேற்று அதிகாரமுள்ள முதலாவது ஜனாதிபதியானார். அரசின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், முப்படைகளின் தளபதி ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்தன. அமெரிக்காவிலும் அப்படித்தானே என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கக்கூடும். அங்கே காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் அமைச்சராக வேண்டுமாயின் காங்கிரஸ் பதவியைத் துறக்க வேண்டும். இங்கே பாராளுமன்ற உறுப்பினர்களிலிருந்தே அமைச்சர்கள் எடுக்கப்படுகிறார்கள். அமைச்சுப் பதவிக்காகக் காத்திருக்கும் உறுப்பினர் ஜனாதிபதியைக் கேள்வி கேட்கத் துணிவாரா? இதை வகுப்பில் விவாதிக்கலாம்.

17ஆம் திருத்தம் (2001) தொடக்கம் 21ஆம் திருத்தம் (2022) வரை இந்த அதிகாரம் குறைவதும் கூடுவதுமாக இருந்துள்ளது. அண்ணன்மாரின் பழைய கொப்பிகளில் பதவிக்காலம் 6 ஆண்டுகள் என்று இருக்கும். 2015 இன் 19ஆம் திருத்தத்தோடு அது 5 ஆண்டுகளாயிற்று. பரீட்சைக்காக மட்டுமாவது கொப்பிகளைத் திருத்திவிடுங்கள்! அதே திருத்தம், பாராளுமன்றம் தானே மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் கேட்டாலன்றி, நாலரை ஆண்டுகளுக்கு முன் அதைக் கலைக்க முடியாதென்றும் விதித்தது. 2018 நவம்பர் 9 இல் ஜனாதிபதி சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13 இல் உயர் நீதிமன்றத்தின் 7 நீதியரசர்களும் ஒருமித்து அது செல்லாதென்றனர். வலுவேறாக்கம் என்ற கடினமான சொல்லை விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எனினும் எமது பிள்ளைகளுக்கு நெஞ்சில் தைக்கும் உதாரணம் தென்மராட்சியில் உள்ளது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் தமது வீடு வளவைப் பார்க்கச் சென்றவர்களில் 8 பேர், பிள்ளைகள் உட்பட, கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். தப்பிய ஒருவரால் விடயம் வெளிவந்தது. 2015 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினர் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொது மன்னிப்பு அளித்தார். பல ஆண்டு வழக்கின் தண்டனை ஓர் ஒப்பத்தோடு நீங்கியது.

அந்த ஒப்பத்துக்கு இடம் கொடுத்தது அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை. ஆனால் இத்தோடு பாடத்தை நிறுத்திவிட்டால் பிள்ளை கசப்பை மட்டுமே கற்கும். 2021 யூனில் பொசன் நாளன்று, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தண்டனை பெற்றிருந்த 16 தமிழர் விடுதலையானதும் இதே உறுப்புரையால்தான். அதே நாளில் அதே ஜனாதிபதி, கொலைக் குற்றவாளியான முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரையும் விடுவித்தார். இந்த இறுதி மன்னிப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2024 சனவரியில் அது செல்லாதென்று தீர்ப்பாயிற்று. மரண தண்டனை பெற்றவரை மன்னிக்குமுன் வழக்கை விளங்கிய நீதிபதியின் அறிக்கையும் சட்டமா அதிபரின் ஆலோசனையும் பெறப்பட வேண்டும். அதிகாரம் இருக்கிறதா, எந்த வழியில் பாவிக்கப்பட்டது, யார் அதைக் கேள்விக்குட்படுத்தலாம் என்ற மூன்று கேள்விகளையும் மூன்று சம்பவங்களிலும் பிள்ளைகளே கேட்டுப் பார்க்கட்டும்.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வகுப்பில் இருக்கும் பிள்ளையின் பேரனோ மாமனோ இறந்தவர்களில் ஒருவராக, காணாமற்போனவராக, சிறையிலிருந்து வந்தவராக இருக்கலாம். பிள்ளை தானாகச் சொன்னாலன்றி வீட்டுக் கதையைக் கேட்க வேண்டாம். சட்ட வாசகமும் தீர்ப்பும் போதுமானவை.

செய்முறைக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். ஊர் வீதிக்கோ குளத்துக்கோ ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பத்தை வகுப்பில் எழுதுங்கள். பெற்றோர் ஒருவர் ஒப்பமிட்டுக் கொடுக்கலாம். தமிழிலேயே எழுதலாம். காரணம் கூறத் தேவையில்லை. தகவல் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பம் கொடுத்த திகதியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் நாட்களை எண்ணுவார்கள்.