மேல்காற்று அடித்தால் 45 டிகிரி

மே மாத மதியத்தில் சென்னையின் மேற்கே உள்ள வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வெயிலைத் திட்டுகிறார்கள். பாதித் திட்டு காற்றுக்குப் போக வேண்டியது.

2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. சென்னையின் உச்சம் அதுதான். கத்திரி முடிந்துவிட்டதாக ஊரே நினைத்திருந்த நேரம்! பஞ்சாங்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மே கடைசியில்தான் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று வலுக்கும்.

பெங்களூர் நெடுஞ்சாலை வேலப்பன்சாவடி வழியாகத்தான் போகிறது. அந்தச் சாலையோடு காற்று கிழக்கே இறங்கி வருவதாக வைத்துக்கொள்வோம். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஈரமில்லாத காற்று ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் அழுத்தத்தில் நெருக்குண்டு ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதி. மேலே 33 டிகிரியாக இருந்த காற்று இங்கே வரும்போது 42. வழியில் காய்ந்து கிடக்கும் தரை சேர்க்கும் சூடு தனிக்கணக்கு.

இதைத் தடுக்க நமக்கு இருப்பது கடல்காற்று ஒன்றுதான். மெரினாவில் உச்சிப்பொழுதுக்குள் அது எழுந்துவிட்டால் நகரம் தப்பித்தது. கடலுக்கு 15 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் வேலப்பன்சாவடிக்கோ அது தாமதமாகத்தான் வரும். அதற்குள் அன்றைய சூடு ஏறி முடிந்திருக்கும். மேல்காற்று பலமாக அடிக்கும் நாளில் கடல்காற்று கரையைத் தாண்டவே திணறும். வங்கக் கடலில் புயல் உருவாகி வடக்கே ஒதுங்கினாலும் இதே கதி: நிலக்காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், நமக்கு மழையும் தராது.

அதே 2003 ஆகஸ்டில் ஐரோப்பா வெந்தது. 70,000 பேருக்கு மேல் இறந்ததாக மதிப்பீடு. அங்கே காற்று அடித்ததல்ல, அடிக்காததுதான் வினை. உயர் அழுத்த மண்டலம் ஒன்று நாள்கணக்கில் நகராமல் உட்கார்ந்துகொண்டது. அதற்குள் காற்று மேலிருந்து அமிழ்ந்து, நெருக்குண்டு, சூடேறியது, மேகமும் கூடவில்லை. மழை பொய்த்து மண் ஏற்கெனவே காய்ந்திருந்தது. ஈரமண் என்றால் வெயிலில் ஒரு பங்கு நீரை ஆவியாக்கச் செலவாகும். காய்ந்த மண்ணில் அத்தனையும் சூடுதான். உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் அந்தக் கண்டம் சூடாகிவருவதால், இத்தகைய கோடைகள் அங்கே இனி அபூர்வமல்ல.

நம் பக்கம் ஈரத்தைக் குறைக்க மழை பொய்க்க வேண்டியதில்லை. பூந்தமல்லி வரை வயலும் தாங்கலுமாக இருந்த இடங்களில் கிடங்குகளும் அடுக்ககங்களும் வந்துவிட்டன. பகலில் குடித்த சூட்டை கான்கிரீட் ராத்திரியில் கக்குகிறது. ராத்திரி பத்து மணிக்கும் மொட்டைமாடித் தளம் காலைச் சுடுகிறது. தண்ணீர் ஊற்றினால் உறிஞ்சிக்கொண்டு ஆவி விடுகிறது.