கண்மாய்க்கு மூச்சு முட்டும் நேரம்

மல்லாங்கிணறு பக்கத்துக் கண்மாய்களில் ஐப்பசி, கார்த்திகையில் சேரும் தண்ணீர் பங்குனிக்குள் மடையோரப் பள்ளத்தில் ஒடுங்கிவிடுகிறது. கலுங்கு பாயும் ஆண்டிலும் உள்வாயில் பெரும்பகுதி இடுப்பளவுத் தண்ணீர்தான். வெயில் அடிவரை இறங்கும், காற்றடித்தால் அடிச்சேறு மேலே வரும், காலையில் இருக்கும் தண்ணீர் மாலையில் வேறாகிவிடும். இதை மறந்துவிட்டுச் செய்யும் எந்தச் சோதனையும் பயன் தராது.

ஆனால், சோதனை எப்படி நடக்கிறது? வெயில் ஏறியபின் கரையோரம் ஒரு பாட்டிலில் மொண்டு, வண்டியில் வைத்துக் கொண்டுபோய், மறுநாள் பார்க்கிறார்கள். மீன்வளத்துக்கு உகந்த தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும், பிஎச் 6.5-லிருந்து 8.5-க்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'டி' வகுப்பு வரையறை. 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆக்சிஜனே சுமார் 7.5 மில்லிகிராம்தான். பாசி பூத்துப் பச்சையான கண்மாயில் பிற்பகலில் அது அதற்கும் மேலே போகும், ஏனென்றால் வெயிலில் பாசி ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கிறது. ராத்திரியில் அதே பாசியும் மீன்களும் சேற்றில் மக்கும் இலைதழையும் சேர்ந்து அதை எடுத்துக்கொள்கின்றன. கோழி கூவும் நேரத்தில் 2-க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளப்பது அப்போதுதான். மதியம் மொண்ட பாட்டிலில் இந்தத் தவிப்பு எப்படிப் பதிவாகும்?

பாட்டிலை நிரப்புவதிலும் கவனம் வேண்டும். 1888-இல் விங்க்ளர் வகுத்துக் கொடுத்த முறை இன்றும் நம்பகமானது. காற்றுக்குமிழ் நுழையாமல் நிரப்பி, மாங்கனீசு உப்பையும் கார அயோடைடையும் கரையில் வைத்தே விட்டு ஆக்சிஜனைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதைச் செய்யாமல் கொண்டுபோனால் பாட்டிலுக்குள் இருக்கும் பாசியும் கிருமிகளும் வழியெல்லாம் மூச்சு விட்டுக்கொண்டே போகும்.

கலங்கலையும் பார்த்துத்தான் பேச வேண்டும். இது கரிசல் பூமி. நுண்ணிய களிமண் லேசில் படியாது. கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி அது மறையும் ஆழத்தை அளக்கும் செக்கி தட்டு ஏதோ ஒரு வடிவில் 1865-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, செலவில்லாத கருவி. முழ ஆழத்தில் தட்டு மறைகிறது என்றால் அது மண் கலங்கலா, பாசிப் பச்சையா என்று கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். முன்னது இந்த மண்ணின் இயல்பு. பின்னது நோயாக இருக்கலாம்.

என் கவலை இதற்கும் மேலே. கண்மாயின் உடல்நிலையைத் தண்ணீர் இருக்கும் நாளெல்லாம் அனுபவித்துச் சொல்லும் சாட்சிகள் மீன்கள். விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை நான்கும் வெளிக்காற்றை விழுங்கி வாழத் தெரிந்தவை. தண்ணீர் கெட்டாலும் அவை தாக்குப்பிடிக்கும். சின்னக் கெண்டைகளுக்கு அந்த வசதி இல்லை. வலையில் விராலும் தேளியும் மட்டும் வந்து சின்னக் கெண்டை வராமல் போனால், விடியற்காலையில் அங்கே மூச்சு முட்டுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அந்தச் சாட்சிகளை நாமே ஒழித்துக்கொண்டிருக்கிறோம். 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன், குஞ்சுகளை வாயில் வைத்துக் காத்து, ஆண்டுக்குப் பலமுறை பெருகி, நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மீன்பாசிக் குத்தகைக்காக விடப்படும் குஞ்சுகளில் மிர்காலும் சாதாக் கெண்டையும் அடிச்சேற்றைக் கிளறித் தின்பவை. கிளறக் கிளறச் சேற்றில் கிடந்த சத்து மேலே வந்து பாசிக்குத் தீனியாகிறது. வெளிச்சம் இறங்காமல் வேலம்பாசி போன்ற கொடிகள் சாகின்றன. கொடி போனால் தட்டான் குஞ்சுக்கும் நத்தைக்கும் ஒதுங்க இடமில்லை. ஆழம் குறைந்த ஏரி தெளிவிலிருந்து கலங்கலுக்குச் சட்டென்று புரண்டு, திரும்ப மறுக்கும் என்று மார்ட்டன் ஷெஃபரும் கூட்டாளிகளும் 1993-இல் எழுதினார்கள். நெதர்லாந்தின் வெலுவ ஏரியில் பாஸ்பரஸ் வரத்தைக் குறைத்து, அடி கிளறும் மீனையும் பெருமளவு பிடித்தெடுத்தபின் தண்ணீர் தெளிந்தது. நம் கண்மாய் கோடையில் வற்றி, சேறு வெயிலில் காய்ந்து, கரம்பையாக வயலுக்குப் போவது நமக்குக் கிடைத்த கொடை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்க ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பில் மறுபடியும் அதே குஞ்சுகளைக் கொட்டுகிறோம்.

குத்தகைப் பணம் ஊருக்கு வருகிறது, மலிவான மீன் கிடைக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால், எந்தக் கண்மாயில் எந்தக் குஞ்சு, எத்தனை என்று முடிவு செய்வதற்குமுன் அங்கே ஏற்கெனவே என்ன வாழ்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்பதற்கு ஏற்ற நாள், தண்ணீர் வற்றியதும் ஊர்கூடி மீன் பிடிக்கும் அழிகண்மாய். ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே இறங்கும் அன்றைக்கு, சாக்கில் மீன் ஏறுவதற்குமுன் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர் நோட்டோடு கரையில் நிற்கட்டும். நாட்டு மீன் எத்தனை வகை, ஜிலேபி எத்தனை பங்கு, கெளுத்தி உண்டா, ஆரால் உண்டா, அயிரை எந்த ஆண்டோடு நின்றது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். மாசி பிறந்ததும் மடையோரத்தில் சூரியன் கிளம்புமுன் ஒரு அளவும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு அளவும் எடுத்து, அதே நோட்டில் சேர்க்கட்டும். அடுத்த மீன்பாசி ஏலத்துக்குமுன் அந்த நோட்டை ஊர்க் கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.