எண்ணெல்லாம் அளவு அல்ல!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்செல்லில் நாம் முதலில் செய்து பார்ப்பது ஒரு பட்டியலாகத்தான் இருக்கும். டியூஷன் மாணவர்கள், சீட்டு கட்டுபவர்கள், குடியிருப்போர் சங்க உறுப்பினர்கள் என்று ஏதாவது ஒன்று. அதில் பின்கோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு செல்லில் சென்னையின் 600001, அடுத்த செல்லில் மதுரையின் 625001 என்று டைப் செய்யுங்கள். இப்போது ஆவரேஜ் பங்ஷனைக் கொடுங்கள். 612501 என்று விடை வரும். 612 என்று தொடங்குவது கும்பகோணம் பகுதி! சென்னையையும் மதுரையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கும்பகோணமா?

கணக்கில் தவறு இல்லை. தவறு நம்முடையது. பின்கோடு எண்ணால் எழுதப்பட்டாலும் அது ஓர் ஊரின் பெயர்தான். இந்த வேறுபாடு எக்செல்லுக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

நான்கு வகை

ஆளுக்கு ஆள் மாறும் விவரத்தைப் புள்ளியியலில் 'மாறி' (வேரியபிள்) என்பார்கள். உங்கள் பட்டியலில் ஒவ்வொரு நெட்டு வரிசையும் ஒரு மாறி. 1946ல் ஹார்வர்ட் உளவியலாளர் ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ், 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் இவற்றை அளக்கும் முறைகளை நான்காகப் பிரித்தார்.

1. பெயர் வகை: ரத்தப் பிரிவு, ஊர், பின்கோடு, செல்போன் எண். எது எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணலாம், அவ்வளவுதான். இதற்கு கவுண்ட்இஃப் பங்ஷன் போதும்.

2. வரிசை வகை: ரேங்க். முதல் மாணவி 98, இரண்டாமவர் 97, மூன்றாமவர் 70 மதிப்பெண் வாங்கியிருக்கலாம். முன்பின் தெரியும், இடைவெளி தெரியாது. இங்கே சராசரியைவிட நடு மதிப்பைத் தரும் மீடியன் பங்ஷன் பொருத்தம்.

3. இடைவெளி வகை: செல்சியஸ் வெப்பநிலை. 20க்கும் 30க்கும் உள்ள இடைவெளிதான் 30க்கும் 40க்கும். சராசரி எடுக்கலாம். ஆனால் 40 டிகிரி, 20 டிகிரியைப் போல இரண்டு மடங்கு வெப்பம் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் 0 டிகிரி என்றால் வெப்பமே இல்லை என்று பொருள் அல்ல.

4. விகித வகை: உயரம், எடை, பணம். இங்கே பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லை. எனவே சராசரியும் எடுக்கலாம், இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றும் சொல்லலாம்.

கவனிக்காவிட்டால் என்ன ஆகும்?

சென்னையின் எஸ்டிடி கோடு 044 என்று டைப் செய்து என்டர் தட்டினால் 44 என்றாகிவிடும். இதையாவது சரிசெய்துவிடலாம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை டைப் செய்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். அந்தப் பட்டியலை நம்பிப் பணம் அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விஞ்ஞானிகளும் இதில் மாட்டியிருக்கிறார்கள். 'மார்ச்1', 'செப்ட்2' என்று ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதப்பட்ட மரபணுப் பெயர்களை எக்செல் தேதிகள் என்று எடுத்துக்கொண்டது. மரபணுப் பட்டியல்களை எக்செல் பைலாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படிப் பிழை இருந்ததாக 2016ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020ல் மரபணுக்களின் பெயரையே 'மார்ச்எஃப்1', 'செப்டின்2' என்று மாற்ற வேண்டியதாயிற்று. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை மைக்ரோசாப்ட் 2023ல்தான் தந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

பெயர் வகை மாறிகளுக்கு, டைப் செய்யத் தொடங்கும் முன்பே அந்த நெட்டு வரிசையைத் தேர்வு செய்யுங்கள். மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து 'பார்மட் செல்ஸ்' செல்லுங்கள். 'நம்பர்' டேபில் 'டெக்ஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இனி 044 அப்படியே நிற்கும். 16 இலக்கமும் நிற்கும். டைப் செய்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பி வராது. கவனம்!

இன்னொரு லாபமும் உண்டு. இப்படி டெக்ஸ்டாக டைப் செய்த வரிசைக்கு ஆவரேஜ் கேட்டால் எக்செல் விடைக்குப் பதில் பிழைச் செய்திதான் தரும். கும்பகோணத்துக்கு வழி தவறிப் போக மாட்டீர்கள்.

அடுத்த முறை புதிய பட்டியல் தொடங்கும்போது ஒவ்வொரு தலைப்பையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதைக் கூட்டினால் அர்த்தம் உண்டா?' இல்லை என்றால் அது டெக்ஸ்ட்.