மூன்று பேர், ஒரே ஒரு கிட்டார்

1982 ஜூலை, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ ஜாஸ் விழா. டெக்சாஸிலிருந்து வந்திருந்த கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வானின் ‘டபுள் டிரபிள்’ குழு வாசிக்கும்போது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. அக்கூஸ்டிக் ப்ளூஸை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அந்த ஆம்ப்ளிஃபையர் சத்தம் ஒத்துவரவில்லை. அப்போது குழுவிடம் எந்த ரெக்கார்டு கம்பெனியின் ஒப்பந்தமும் கிடையாது. ஆனால் அரங்கில் பாடகர் டேவிட் போவி உட்கார்ந்திருந்தார். ‘லெட்ஸ் டான்ஸ்’ ஆல்பத்தில் வாசிக்க வானை அழைத்தார். பாடகர் ஜாக்சன் பிரவுனோ தன் லாஸ் ஏஞ்சலீஸ் ஸ்டுடியோவை இலவசமாகவே தந்தார். அங்கே சில நாட்களில் பதிவான குழுவின் ‘டெக்சாஸ் ஃப்ளட்’ ஆல்பம் 1983-ல் வெளியானது.

போவியின் உலகச் சுற்றுப்பயணத்தில் வாசிக்கும் வாய்ப்பை வான் கடைசி நேரத்தில் உதறினார். பைத்தியக்காரத்தனம் என்றுதான் அன்று பலருக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அது சரியான கணக்காகவே படுகிறது.

ஏனென்றால் அவருடைய பலம் அந்த மூவர் குழுவில்தான் இருந்தது. அதில் இன்னொரு கிட்டார் கிடையாது. சோலோ வாசிக்கப் போனால் கார்டு வாசிக்க ஆள் இல்லை. பாட்டின் நடுவே பள்ளம் விழும். ‘பிரைட் அண்ட் ஜாய்’ கேட்டால் வான் அதை எப்படிச் சமாளித்தார் என்பது புரியும். தாளத்தில் தடித்த கம்பியை அடித்து, இடைவெளியில் மேல்நோக்கி மற்ற கம்பிகளை உரசி, வேண்டாத சத்தத்தை இடது கையால் அமுக்கிவிடுகிறார். ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்கிறார்.

அதற்கேற்ற முரட்டுக் கம்பிகள் அவருடையவை. பலர் 9, 10 அளவு கம்பி போடும்போது, இவர் பெரும்பாலும் 13 போட்டார். இழுவிசை குறைய அரை ஸ்வரம் இறக்கி சுருதி சேர்த்தார். அப்படியும் விரல்நுனி கிழியும். சூப்பர் க்ளூ தடவிக்கொண்டு வாசிப்பைத் தொடர்வார்.

எல்லாப் புகழும் அவருக்கே போய்விட்டதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. டிரம்ஸில் கிறிஸ் லேட்டன். பேஸில் டாமி ஷானன். 1969-ல் உட்ஸ்டாக் விழாவில் ஜானி வின்டருடன் வாசித்தவர். இருவரும் தேவையில்லாமல் ஒரு அடிகூட வைக்க மாட்டார்கள். தாளம் பிசகாது என்ற தைரியத்தில்தான் வான் அந்த ஆட்டம் ஆடினார்.

1985-ல் கீபோர்டுக்கு ரீஸ் வைனன்ஸ் வந்தார், ஒலி நிறைந்தது. பிறகு போதையிலிருந்து மீண்டு ‘இன் ஸ்டெப்’ ஆல்பமும் தந்தார் வான். 1990 ஆகஸ்டில், விஸ்கான்சின் கச்சேரி முடிந்து திரும்புகையில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35.

என் ஓட்டு மூவராக இருந்த காலத்துக்குத்தான். 1983-ல் டொரன்டோவின் எல் மொகாம்போ கிளப்பில் எடுத்த கச்சேரி வீடியோவாகக் கிடைக்கிறது. கிட்டாரைப் பின்பக்கம் கொண்டுபோய் வாசிக்கும் வித்தையை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அந்த நேரத்தில் ஷானனின் பேஸைக் கவனியுங்கள்.