வினாநிரல் எதை அளக்கிறது?

இறையியல் மாணாக்கர் தம் ஆய்வேட்டிற்காகச் சபை மக்களிடம் வினாநிரல்களைக் கொடுத்து, அவர்தம் விசுவாசத்தையும் ஜெப அனுபவத்தையும் எண்களாகப் பெற்று வருவது இன்று வழக்கமாகிவிட்டது. முப்பது கூற்றுகள், ஒவ்வொன்றின் எதிரிலும் ஐந்து கட்டங்கள். கூட்டிப் பார்த்தால் ஒருவருடைய பக்தி 112 என்றும் மற்றொருவருடையது 87 என்றும் கிடைக்கும். இவ்வெண்கள் எதைக் குறிக்கின்றன என்று நாம் வினவினால், "பக்தியைத்தான், ஐயா" என்று விடை வருகிறது. பக்தி என்பது வினாநிரலின் தலைப்பில் எழுதப்பட்டிருக்கும் சொல். அதைத்தான் அது அளக்கிறது என்பதற்குத் தலைப்பு சான்றாகாது.

உளவியலார் இவ்விடத்தில் இரு பண்புகளை வேறுபடுத்துவர். ஒன்று நம்பகத்தன்மை; மற்றொன்று ஏற்புடைமை. நம் ஆலயக் கடிகாரம் நாள்தோறும் சரியாகப் பத்து நிமிடம் முந்தி ஓடுமாயின், அது மாறாமல் ஓடுகிறது. ஆயினும் அது காட்டுவது சரியான நேரமன்று. எத்தனை முறை அளந்தாலும் ஒரே அளவைத் தருவது நம்பகத்தன்மை. அளக்க எண்ணிய பொருளையே அளப்பது ஏற்புடைமை. ஆய்வேடுகளில் கிரான்பாக் என்பாரின் ஆல்ஃபா எண்ணை மட்டும் குறித்துவிட்டு, "ஆகவே இவ்வினாநிரல் தகுதியுடையது" என முடிப்போர் பலர். ஒரே கருத்தைப் பத்து விதமாகத் திருப்பிக் கேட்டாலே அவ்வெண் உயர்ந்துவிடும். அதே கிரான்பாக்தான் 1955ஆம் ஆண்டில் மீல் என்பாருடன் சேர்ந்து, கண்ணுக்குப் புலனாகாத ஒரு பண்பை அளக்கும் கருவியை ஒரே சோதனையால் நிலைநாட்ட இயலாது என்றும், அப்பண்பைப் பற்றிய கொள்கையிலிருந்து பிறக்கும் எதிர்பார்ப்புகள் பலவற்றோடு அதனை ஒப்பிட்டுக்கொண்டே செல்லவேண்டும் என்றும் விளக்கினார் என்பதை மாணாக்கர் மறந்துவிடுகின்றனர்.

இதற்கு நமக்கு அண்மையான எடுத்துக்காட்டு, ஆல்போர்ட், ராஸ் ஆகிய இருவரும் அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட சமய நோக்கு அளவுகோல். சமயத்தை வாழ்வின் நோக்கமாகவே கொள்வோர் ஒருபுறம். ஆறுதல், நட்பு, மதிப்பு முதலியவற்றிற்குச் சமயத்தைப் பயன்படுத்துவோர் மறுபுறம். இவ்விரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்பது ஆல்போர்ட்டின் எண்ணம். அவ்வாறாயின், ஒரு முனைக்கு "ஆம்" என்பவர் மறுமுனைக்கு "இல்லை" என்றல்லவா கூறவேண்டும்? ஆறு சபைப் பிரிவுகளைச் சேர்ந்த 309 பேரிடம் கேட்டபோது, இரண்டிற்கும் "ஆம்" என்றவர் ஏராளமாயிருந்தனர். சமயத்திற்குச் சார்பாக எது தோன்றினும் ஆமோதித்த இவர்களிடமே பிற இனத்தார்மீது வெறுப்பும் மிகுந்து காணப்பட்டது. ஆகவே ஒரு கோடு என்ற கருத்து நிலைக்கவில்லை. பின்னர் 1989இல், பயன்கருதும் சமயம் என்ற பகுதியே தன்னல ஆறுதல், சமூக உறவு என இரண்டாகப் பிரிவதைக் காரணிப் பகுப்பாய்வு காட்டிற்று. அளவுகோல் தோற்றது என்று நாம் இதனைக் கருதுவதில்லை. ஏற்புடைமையைச் சோதித்ததனால் அளக்கப்படும் பொருளைப் பற்றிய அறிவே திருந்தியது.

மனிதர் தம்மை நல்லவராகக் காட்ட விரும்புவர் என்பது இரண்டாம் இடையூறு. போதகரோ அவருடைய மாணாக்கரோ கேட்கும்போது இது இரட்டிப்பாகும். ஹாடவே என்பாரும் துணைவரும் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு மாவட்டத்தின் ஆலயங்களில் வந்தோரை எண்ணிப் பார்த்து, 1993இல் வெளியிட்ட முடிவு யாவரும் அறியத்தக்கது. ஆராதனைக்குச் சென்றதாகக் கூறியோரின் வீதத்தில் ஏறக்குறையப் பாதியே உண்மையில் ஆலயத்தில் காணப்பட்டது. அவர்கள் யாவரும் வேண்டுமென்றே பொய்யுரைத்தனர் எனக் கொள்ளவேண்டியதில்லை. "நான் ஆலயத்திற்குச் செல்பவன்" என்று தம்மைப்பற்றி எண்ணியதையே பலர் விடையாகக் கூறியிருக்கலாம்.

விடையும் செயலும் ஒன்றா என்பதைச் சோதித்த ஓர் ஆய்வு இறையியல் கல்லூரி ஒன்றிலேயே நிகழ்ந்தது. டார்லி, பாட்சன் இருவரும் 1973இல் வெளியிட்ட அவ்வாய்வில், பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேர் முதலில் சமய நோக்கு வினாநிரல்களை நிரப்பினர். பின்பு உரையாற்றும்படி அடுத்த கட்டிடத்திற்கு அனுப்பப்பட்டனர். அவருள் பாதிப்பேருக்கு நல்ல சமாரியன் உவமையே பொருள். வழியில் ஒருவன் வாயிற்படியருகே தலை கவிழ்ந்து இருமி முனகிக்கொண்டிருந்தான். விரைந்து செல்லுமாறு ஏவப்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேரே நின்று உதவினர். அவசரமின்றிச் சென்றோரில் நூற்றுக்கு 63 பேர். யார் உதவுவார் என்பதை வினாநிரல் மதிப்பெண்களால் முன்னறிய இயலவில்லை.

இதைக் கேட்டதும் வினாநிரல்களைக் கிழித்தெறிய வேண்டும் என்று ஒரு போதகர் நம்மிடம் கூறினார். அதுவும் நேர்மையன்று. ஒரு நாளைய ஒரு செயலும் குறையுள்ள அளவுகோலே. ஃபிஷ்பைன், ஐசன் இருவரும் 1974இல் காட்டியபடி, சமய மனப்பான்மை மதிப்பெண் ஏதேனும் ஒரு தனிச்செயலோடு மிகச் சிறிதளவே ஒத்துச்செல்கிறது. நூறு சமயச் செயல்களைத் தொகுத்து நோக்கினாலோ நன்றாகவே ஒத்துச்செல்கிறது.

மொழிபெயர்ப்பில் எழும் இடர்ப்பாட்டை நாமே கண்டிருக்கிறோம். குருத்துவப் பணிக்கு ஆட்களைத் தெரிந்துகொள்ளும் ஒரு குழுவில் சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அமர்ந்திருந்தோம். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கப்பட்ட வினாநிரல் ஒன்று அங்கே பயன்பட்டது. பதினோர் ஆண்டுகள் கிராமச் சபையில் உபதேசியாராய் உழைத்த ஒருவர் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்று, விலக்கப்படும் நிலையில் இருந்தார். மூப்பர் ஒருவர் அவரை உள்ளே அழைத்து, "ஏன் தம்பி, துன்பத்தில் ஜெபத்தை விட்டுவிடுவீரோ?" என்று கேட்டார். அவர் திகைத்து, "இல்லை ஐயா, விடுவதில்லை என்றுதானே எழுதினேன்" என்றார். வினாநிரலில் இருந்த கூற்று, "துன்பத்திலும் நான் ஜெபத்தை விடுவதில்லை" என்பது. அதற்கு அவர் "இல்லை" என்று குறித்திருந்தார். வினாநிரலின் கணக்கில் அது மறுப்பு. தமிழில் பேசுபவருக்கோ அதுவே ஆமோதிப்பு. எதிர்மறைக் கூற்றுகள் ஒன்பது இருந்தன. ஒன்பதிலும் இதே கதை. அவருக்கு முந்திய ஆண்டுகளில் இவ்விதமாகத் திருப்பி அனுப்பப்பட்டோர் எத்தனை பேர் என்று அன்று குழுவில் எவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

தமிழாக்கத்தை மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடும் முறை நன்றே. எனினும் அது இப்பிழையைக் காட்டியிராது, ஏனெனில் சொற்கள் யாவும் சரியாகவே இருந்தன. ஆதலால் நம் மாணாக்கர் வினாநிரலை அச்சிடுமுன், படித்தவர் சிலரும் படிப்புக் குறைந்தவர் சிலருமாகப் பத்துப் பேரிடம் அமர்ந்து, ஒவ்வொரு கூற்றையும் கேட்டவுடன் அவர்கள் மனத்தில் எழுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து எழுதிக்கொள்வார்களாக. எதிர்மறைக் கூற்றுகளை உடன்பாடாக மாற்றுவார்களாக. பெயர் எழுதாத தாள்களை, போதகர் கையில் அன்றி, மூடிய பெட்டியில் இடச் செய்வார்களாக. அளக்க எண்ணிய பண்பு மிகுந்தவர் என்று சபையார் நன்கறிந்த சிலருடைய மதிப்பெண்களையும், அவ்வாறு அறியப்படாத சிலருடையவற்றையும் ஒப்பிட்டு நோக்கவும் வேண்டும். இதற்கு ஒரு மாதம் கூடுதலாகத் தேவைப்படும். ஆய்வேட்டின் காலவரம்பை வகுப்போர் அம்மாதத்தை முன்னரே ஒதுக்கித் தரவேண்டும்.